நூற்று நான்கு கிலோமீட்டர் ஓடிய வண்டி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். பொறாமையைக் கிலோமீட்டரில் அளந்த முதல் ஆளும் நான்தான். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பொறாமை எல்லாம் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளி, எதிர்வீட்டுக் கறவை மாடு என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பெருமூச்சு விடுவதோடு முடிந்துவிடும். நான்தான் அதற்கு ஒரு அலகு கொடுத்து, தசமப் புள்ளி வரைக்கும் கொண்டுபோனேன். நாலு வருடம் இன்ஜினியரிங் படித்தது வீண்போகவில்லை.

ஓசூர் போகிற வழியில் ஒரு சின்னக் கம்பெனி. (பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.) சந்தைக்கும் தோட்டத்துக்கும் மூட்டை ஏற்றிப்போகிற மூன்று சக்கர மின்சார வண்டிகளை அங்கே செய்கிறார்கள். செய்த வண்டியை ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. முழு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும், பாரத்தோடு மேடு ஏறுமா, பிரேக் பிடித்தால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்து எழுத வேண்டும்.

இதை அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன்.

"அப்ப வண்டி ஓட்டறதுக்கு வேற ஆளு இருக்குது?"

"ஆமாப்பா. டிரைவர் இருக்காரு."

"நீ பாக்கற?"

"ஆமா."

"பாக்கறதுக்கா நாலு வருசம் படிச்ச?"

கேட்ட கையோடு அவர் ஊருக்குள் போய், "எம் பொண்ணு சொன்னாத்தான் கம்பெனியில வண்டியே வெளிய வரும்" என்று சொல்லிவிட்டார். வேலையில் சேர்ந்த மூன்றாம் நாளே ஊரில் நான் நிரந்தரம் ஆகிவிட்டேன். கம்பெனியில்தான் பாக்கி.

அங்கே நிலைமை வேறு. பயிற்சிக்கு எடுத்தது இரண்டு பேரை. களச் சோதனைப் பொறுப்பில் இருந்ததோ ஒரே இடம். எங்கள் மேலாளர் ராஜசேகர் சார் முதல் நாளே எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "ஆறு மாசம் பார்ப்பேன். ஒருத்தருக்கு அந்தப் பொறுப்பு, வேலையும் கன்ஃபர்ம். இன்னொருத்தர் விஷயம் அப்புறம் யோசிப்போம்" என்று சொல்லிவிட்டார். அந்த 'அப்புறம் யோசிப்போம்' தினமும் என் சாப்பாட்டில் கல்லாகக் கிடந்தது.

இன்னொருத்தி அனன்யா. பெங்களூர்.

அவளை ஏன் பிடிக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய சேஃப்டி ஷூ அவள் காலுக்குச் சரியாக இருந்தது. (எனக்குக் கொடுத்தது இரண்டு அளவு பெரிது. நடந்தால் நானே ஒரு சோதனை வண்டி மாதிரி சத்தம் வரும்.) சாயந்திரம் அவள் அப்பா போன் செய்தால், "மோட்டார் டார்க் எவ்வளவு வந்தது?" என்று முறுக்குவிசையைக் கேட்பார். என் அப்பா போன் செய்தால், "அங்க மழயா?" என்று கேட்பார். அவள் என்னைக் "கோகி" என்று கூப்பிடுவாள். என் பெயர் கோகிலா. அந்த 'லா'வை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. சார் ஏதாவது கேட்டால் அவள் சிரித்துக்கொண்டே, "தெரியல சார், பாத்துட்டு சொல்றேன்" என்பாள். அவ்வளவுதான். உலகம் இடியவில்லை. அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

என்னால் அது முடியாது. வீட்டில் எனக்குத் தெரியாது என்ற பேச்சே கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே, ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தால் கரண்ட் பில், மாத்திரை அட்டை, பத்திரம், பேங்க் பேப்பர் எல்லாம் என் முன்னால்தான் வந்து விழும். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் "தெரியல" என்று சொல்லிப் பாருங்கள். அதனால் தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்லப் பழகிக்கொண்டேன். அந்தக் குரலோடுதான் கம்பெனிக்கும் வந்திருந்தேன்.

முதல் பெரிய சோதனை தூரச் சோதனை. ஒரே மாதிரி இரண்டு வண்டி, ஒரே பாரம், ஓசூர் பக்கத்து ரோடு. அனன்யாவின் வண்டி எண்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி நின்றது. என்னுடையது எழுபத்தாறில் படுத்துவிட்டது.

ஆறு கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம்கூட வராத தூரம். எனக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. எதிர்காற்று என்றேன், டயரில் காற்றுக் குறைவு என்றேன். வண்டி ஓட்டிய அன்வர் பாய் பாலக்கோட்டுக்காரர், நல்ல மனிதர். அவரிடமே, "பாய், நீங்க பிரேக் அதிகமா பிடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டேன். அவர் கோபப்படாமல், "நடுவுல மாடு வந்துச்சு மேடம். இடிச்சிருந்தா இன்னும் அரை கிலோமீட்டர் கெடச்சிருக்கும்" என்றார்.

அன்று சாயந்திரமே சாரிடம் போனேன்.

"சார், இந்த வண்டி தார் ரோட்டுக்கு இல்ல. தக்காளி ஏத்தறவங்களுக்கு. மாரண்டஹள்ளி பக்கம் எங்க ஊர்லயே ஓட்டிப் பாக்கறேன். அதுதான் நெஜமான சோதனை."

அவருக்கு யோசனை பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்திருந்தது, காரணம் வேறு. அங்கே அனன்யா இருக்க மாட்டாள்.

சோதனைக்கு முதல் நாள் சாயந்திரமே வண்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டகை ஓரமாக நிறுத்தினோம். காலையில் முழு சார்ஜோடு கிளம்ப வேண்டும். அன்வர் பாய் சீட்டுக்கு அடியிலிருந்து ஒயரை இழுத்து, வாசலில் போர் மோட்டாருக்கு வைத்திருந்த பெரிய பிளக்கில் சொருகினார். பச்சை விளக்கு மினுக்கியது. அம்மா சாணிக் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்குடி?"

பேட்டரி, கிலோவாட், சார்ஜர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். களைப்பாக இருந்தது. "இதுக்கு இதுதாம்மா சாப்பாடு" என்றேன். படிக்காதவர்களுக்குப் புரிகிற மாதிரி எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கே ஒரு பெருமை.

காலையில் மணல் மூட்டைகளை அடுக்கி, கணக்குக்குக் குறைந்த பாரத்துக்கு நானே மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தேன், மடியில் லேப்டாப்போடு. (என் எடையையும் கணக்கில் எழுத வேண்டும். அனன்யா ஒல்லி. என் எடையில் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எழுதினேன். அந்தச் சோதனையில் நடந்த தப்பு அது மட்டும்தான் என்று ஓட்டிக்காட்டும் நாள் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.)

மாரண்டஹள்ளிச் சந்தை, அங்கிருந்து பாலக்கோட்டு ரோடு, திரும்ப எங்கள் ஏரிக்கரை மேடு என்று சுற்றிச்சுற்றி ஓட்டம். இரண்டாவது சுற்றில் பால் கேனோடு நின்றிருந்த சின்னத்தாய் அத்தை கையை ஆட்டி நிறுத்தினாள்.

"ஏம் புள்ள, இஞ்சினியருக்குப் படிச்சன்னாங்க. மண்ணு மூட்ட மேல உக்காந்து எங்க போற?"

"டெஸ்ட் அத்த."

"சந்த வரைக்கும் நானும் ஏறிக்கறேன்."

"ஏறக்கூடாது அத்த. பாரம் மாறிடும்."

"மண்ணு ஏறலாம், நான் ஏறக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த பொங்கல் வரைக்கும் என்னிடம் பேசவில்லை. விஞ்ஞானத்துக்காக நான் இழந்த முதல் உறவு.

பாதித் தூரம் ஓடியதும் மோட்டார் ஆறுவதற்காக வண்டியை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. மதியச் சாப்பாட்டு நேரமும் அதுவே என்பதால் வீட்டுக்கு வந்தோம். சார்ஜ் நாற்பத்து நாலு சதவீதம் காட்டியது. சாவியைத் திருப்பி அணைத்தேன். வண்டியின் அளவுகளைப் பதிவுசெய்துகொண்டிருந்த லேப்டாப்பும் அதோடு தூங்கிப்போனது.

எங்கள் ஊரில் விருந்தாளி வந்தால் இப்போது ஒரு புது முறை வந்திருக்கிறது. சொம்பில் தண்ணீர் கொடுத்த கையோடு, "போன்ல சார்ஜ் இருக்குதா? குடுங்க, போடறேன்" என்று கேட்டு வாங்கிப்போய்ச் சொருகிவிடுவார்கள். அம்மா அதில் கண்டிப்பானவள். எண்பது சதவீதம் இருக்கிறது என்று சொன்னாலும் விடமாட்டாள். அன்றும் எங்கள் இருவர் போனையும் வாங்கிக்கொண்டு போனாள். பிறகு ராகிக் களியும் கோழிக்குழம்பும் வந்தன. அன்வர் பாய் இரண்டாவது உருண்டைக்குக் கையை வைத்து மறித்தார், அம்மா மறித்த கையின்மேலேயே வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் கட்டிலில் சாய்ந்து குறட்டை விட்டார். நான் சுவரில் சாய்ந்தபடி அனன்யாவின் எண்பத்திரண்டை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகிவிட்டது.

திரும்ப வந்து சாவியைப் போட்டால், சார்ஜ் எழுபத்தொன்று.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். எழுபத்தொன்றுதான். அன்வர் பாயும் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், ஏறியிருக்குது?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி என்ன சொல்லியிருப்பாள்? "தெரியல பாய்" என்றிருப்பாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"பாய், பேட்டரிக்கு ஓய்வு குடுத்தா வோல்டேஜ் கொஞ்சம் மேல வரும். மூச்சு வாங்கிக்கற மாதிரி. புத்தகத்துலயே இருக்கு."

புத்தகத்தில் இருப்பது உண்மைதான். ஒன்றிரண்டு சதவீதம் ஏறும். இருபத்தேழு ஏறாது. இருபத்தேழு ஏறுமென்றால் மின்வாரியமே தேவையில்லை, ஊரே மத்தியானம் படுத்துத் தூங்கினால் போதும். அது எனக்கும் தெரியும். ஆனால் மனம் அந்நேரம் ஓசூரில் இருந்தது. அனன்யாவின் முகம் எப்படிச் சுருங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டுக்கு அடியில் ஒயர் அழகாக வட்டம் வட்டமாகச் சுற்றி, நுனியை மடக்கிச் செருகி இருந்ததைக்கூடப் பார்த்தேன். அன்வர் பாய் ஒயரை ஒருநாளும் சுற்றிவைக்கிறவர் இல்லை, காலால் தள்ளுகிறவர். அதைப் பார்த்துவிட்டும், 'பரவாயில்லையே, பாய் திருந்திட்டாரு' என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி நூற்று நான்கு கிலோமீட்டர் ஓடியது.

மறுநாள் கம்பெனியில் என் பெரிய ஷூ எழுப்பிய சத்தம் எனக்கே சங்கீதமாகக் கேட்டது. ராஜசேகர் சார் எழுந்து நின்று கை கொடுத்தார். "கிராமத்து ரோட்டுல நூத்தி நாலா! ஓசூர்ல வராதது அங்க எப்படி வந்தது?" என்று கேட்டார். சீரான வேகம், குறைந்த போக்குவரத்து, ஓய்வில் கிடைக்கும் மீட்சி என்று போர்டில் படம் வரைந்தே விளக்கினேன். அந்த 'மீட்சி' என்ற சொல்லை நானே போட்டேன். சாருக்கும் சந்தேகப்பட நேரமில்லை. மேலே இருப்பவர்கள் வண்டி எப்போது விற்கும் என்று அவரைத் தினமும் குடைந்துகொண்டிருந்தார்கள்.

அனன்யா கையைத் தூக்கினாள்.

"கோகி, லஞ்ச் டைம்ல யாராவது சார்ஜ் போட்டிருப்பாங்களோ?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "எங்க வீட்டுல எல்லாரும் விவசாயம் பாக்கறவங்க அனன்யா. இந்த வண்டிய எப்படித் தொடறதுன்னுகூட அவங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"இல்ல, இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கலாமேன்னுதான். எனக்குப் புரியல."

பாவம், பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அவளைப் பார்க்க எனக்கு இரக்கம்கூட வந்தது. அன்று மத்தியானம் என் டப்பாவிலிருந்து ஒரு அதிரசம் எடுத்துக் கொடுத்தேன்.

மறு சோதனைக்கு நேரமில்லை என்று சார் சொல்லிவிட்டார். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கும் முனிரத்னம் என்பவர் பத்து வண்டி எடுப்பதாகப் பேச்சு. அந்த வாரமே அவர் கண் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். வண்டியின் இரண்டு பக்கமும் பேனர் கட்டினார்கள்: 'ஒரே சார்ஜில் 100 கி.மீ.' மீதி நாலை சார் தன்னடக்கமாக விட்டுவிட்டார். பேனருக்குப் பக்கத்தில் நின்று நான் எடுத்துக்கொண்ட படம் அப்பாவின் போன் வழியாக ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

ஓட்டிக்காட்டும் நாள் காலையில் அம்மா போன் செய்தாள்.

"மத்தியானம் எல்லாரையும் வூட்டுக்குக் கூட்டியாந்துரு. கோழி அடிக்கறேன்."

"இன்னிக்கு முடியாதும்மா. சாருக்கு அவசரம். சந்தையிலயே பொட்டலம் வாங்கிச் சாப்புட்டுக்குவோம்."

"பொட்டலமா? வூட்டு வழியாப் போயிட்டுப் பொட்டலம் தின்னுவீங்களா? வண்டி?"

வண்டிக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. அவசரத்தில் போனை வைத்துவிட்டேன்.

முன்னால் அன்வர் பாய் தக்காளிக் கிரேட்டுகளோடு வண்டியில் போனார். பின்னால் காரில் சார், முனிரத்னம், அனன்யா, நான். முனிரத்னம் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். காலையிலிருந்து தோட்டம், சந்தை, தோட்டம் என்று அவருடைய வழக்கமான நடைதான். மதியம் சந்தையில் புளிசாதப் பொட்டலம் பிரித்தோம். சார்ஜ் முப்பத்தொன்பது. சாப்பிட்டு முடித்து, மோட்டார் ஆறும் வரை காத்திருந்துவிட்டு வந்து பார்த்தேன். நாற்பது.

என் மீட்சி ஒரு சதவீதம் மீண்டிருந்தது.

சாரிடம் சொல்லியிருக்கலாம். பின்சீட்டில் அனன்யா உட்கார்ந்திருந்தாள், அவள் எதிரில் எப்படிச் சொல்வது? இறக்கத்தில் சார்ஜ் கொஞ்சம் திரும்ப ஏறும், வெயில் தணிந்தால் சரியாகும் என்று எனக்கு நானே வகுப்பு எடுத்துக்கொண்டே வந்தேன்.

எழுபத்தொன்பதாவது கிலோமீட்டரில், எங்கள் ஊர் ஏரிக்கரை மேட்டில், பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. முதலில் நடக்கிற வேகம், அப்புறம் ஊர்கிற வேகம், அப்புறம் சுத்தம். அனன்யாவின் எண்பத்திரண்டைக்கூட அது தொடவில்லை. அன்வர் பாய் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். 'ஒரே சார்ஜில் 100 கி.மீ.' காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

ஊர் கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஏற்கெனவே படம் வேறு அனுப்பிவைத்திருந்தோம். சின்னத்தாய் அத்தை முதல் வரிசையில் வந்து நின்றாள். "நான் ஏறல, பாத்துக்கங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

முனிரத்னம் காரிலிருந்து இறங்கித் தக்காளியைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். "சார், மீதி இருவத்தோரு கிலோமீட்டரு எங்கிருக்குது? பின்னால வருதா?"

கூட்டம் சிரித்தது. ராஜசேகர் சார் சிரிக்கவில்லை. கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கோகிலா. அன்னைக்கு நூத்தி நாலு எப்படி வந்தது?"

ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்பாவும் ஏரிக்கரைமேல் மண்வெட்டியோடு நின்றார். எதிர்காற்று என்று சொல்லலாமா என்று பார்த்தேன், ஒரு இலைகூட அசையவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் சொல்லாததைச் சொன்னேன்.

"தெரியல சார்."

"எனக்குத் தெரியுங்க சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அம்மா. இடுப்பில் மோர்க்குடம், கையில் நாலு டம்ளர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகச் சார் முன்னால் வந்து நின்றாள்.

"காலையிலிருந்து பட்டினியா ஓட்டுனா எப்படிங்க ஓடும்? வூட்டுக்குக் கூட்டியாடின்னு இவகிட்ட படிச்சுப்படிச்சு சொன்னேன். கேட்டாளா?"

"வண்டிய... வீட்டுக்கா?" என்றார் சார்.

"பின்ன? அன்னிக்கு இவங்க ரெண்டு பேருக்கும் களி போட்டேன், வண்டிக்குக் கரண்டு போட்டேன். வூடு தேடி வந்தத வெறும் வயித்தோட நிக்க வெப்பாங்களா?"

"நீங்களாம்மா பிளக் மாட்டினீங்க?"

"மொத நாளு பாய் மாட்டறதப் பாத்தேனே. இதுக்கு இதுதான் சாப்பாடுன்னு எம் பொண்ணுதாங்க சொல்லிக்குடுத்தா." அம்மா என்னைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாள். "பாய் தூங்கி எந்திரிச்சு, இவங்க மூஞ்சி கழுவப் போனதும் புடுங்கி, ஒயரச் சுத்தி வெச்சிட்டேன். பாய் அத எப்பவும் அலங்கோலமாப் போட்டு வெக்கறாரு."

அன்வர் பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு ஒயர்தான் வருத்தம்.

முனிரத்னம் சிரிக்க ஆரம்பித்தார். அந்த உடம்பில் சிரிப்பு ஆரம்பித்தால் நிற்க நேரமாகும். காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சார், வண்டிக்கு ஒண்ணுன்னு பத்து அம்மாவச் சேத்துக் குடுங்க, இப்பவே எடுத்துக்கறேன்" என்றார்.

ஊரே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அனன்யா ஒருத்திதான் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்கமுடியவில்லை. ஒருமுறை, பல் தெரிய ஒரே ஒருமுறை அவள் சிரித்திருந்தால் போதும், ஆயுசுக்கும் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவள் என் தோளைத் தொட்டு, "விடு கோகி" என்றாள். 'லா' இல்லாமலேயே.

எல்லோருமாகச் சேர்ந்து வண்டியை மேடு ஏற்றி எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் தள்ளினோம். அம்மா தன் கையாலேயே பிளக்கைச் சொருகினாள். பொட்டலம் தின்றவர்கள் என்பதற்காகச் சாயந்திர நேரத்தில் எல்லோருக்கும் இலை போட்டாள்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. களி. களியை மெல்லக்கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் மென்று மென்று விழி பிதுங்குவார்கள். அனன்யா இலையில் உருண்டை விழுந்ததும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு விள்ளலை எடுத்து, குழம்பில் புரட்டி, நேராகத் தொண்டைக்குள் அனுப்பினாள். அடுத்த விள்ளல். அடுத்தது.

"எங்க வீட்டுல வாரத்துல ரெண்டு நாள் முத்தெதான் ஆன்ட்டி" என்றாள். கர்நாடகத்தில் களிக்கு முத்தெ என்று பெயர். அம்மாவுக்கு எல்லை ஊரில் பிறந்த பழக்கத்தில் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அவ்வளவுதான், இருவரும் கன்னடத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் இருந்து படித்தவள் நான், எனக்குப் பாதிதான் புரிந்தது. என் வீட்டில், என் அம்மாவின் பேச்சுக்கு, அனன்யா எனக்கு மொழிபெயர்ப்புச் செய்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே அவள் வாசலில் மினுக்கிய பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முனிரத்னத்திடம் கேட்டாள்:

"சார், உங்க டிரைவருங்க மத்தியானம் எவ்வளவு நேரம் நிறுத்துவாங்க?"

"வெயில்ல யாரு ஓட்டறது? ரெண்டு மணி நேரம் படுத்துருவானுங்க."

"அப்ப அந்த நேரத்துல சந்தையிலயே பிளக் இருந்தா, ஒரு நாளைக்கு நூறுக்கு மேல ஓடும். கோகிலாவோட டெஸ்டே அதுக்கு ஆதாரம். இல்லயா சார்?"

ராஜசேகர் சார் களியைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தார். முனிரத்னம் சிரிப்பை நிறுத்தினார். இலை முன்னாலேயே கணக்குப் போட்டார்கள். கை கழுவுவதற்குள் ஐந்து வண்டிக்குப் பேச்சு முடிந்தது, மண்டியில் பிளக் வைத்துக் கொடுப்பதாகக் கம்பெனியும் ஒப்புக்கொண்டது.

களச் சோதனைப் பொறுப்பு அனன்யாவுக்குப் போனது.

பிளக் எங்கள் வீட்டுப் பிளக். மாட்டியது என்னைப் பெற்றவள். கோழி எங்கள் கோழி. யோசனை மட்டும் அவளுடையது. எல்லோரையும்போல நானும் அதே களியைத்தான் தின்றேன், எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தோன்றியிருக்காது. அந்த ஒரு மணி நேரமும் நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை 'அப்புறம் யோசித்து' சார்ஜர் பிரிவில் வைத்துக்கொண்டார்கள். நிரந்தரமும் ஆகிவிட்டது, ஊர் என்னை நிரந்தரமாக்கி ஒரு வருடம் கழித்து. இப்போது தூரச் சோதனைக்கு எந்த வண்டி வெளியே போனாலும் பிளக் வாயில் சிவப்பு டேப் ஒட்டி அனன்யா கையெழுத்துப் போடுகிறாள். தொழிற்சாலையில் அந்த டேப்புக்கு 'அம்மா சீல்' என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்கள் ஏன் அந்தப் பெயர் என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். தெரியல என்று சொல்லிவிடுகிறேன். இப்போது அது சுலபமாகவே வருகிறது.

வீட்டில் இந்தக் கதை தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா சொல்லும்போது வண்டி நூற்றைம்பது கிலோமீட்டர் போகும். அனன்யாவும் மாதம் ஒரு முறை வந்து களி சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். அவள் வந்தால் ஈரல் அவள் இலைக்குத்தான்.

தினமும் சாயந்திரம் அம்மா போன் செய்வாள்.

"அனன்யா சாப்புட்டாளா?"

"சாப்பிட்டாம்மா."

"வண்டிங்க?"

"எல்லாத்துக்கும் போட்டாச்சும்மா."

"நல்லா பாத்தியா? பச்ச லைட்டு எரியுதா?"

"எரியுதும்மா."

"சரி, நீ..." என்று ஆரம்பிப்பாள். பெரும்பாலும் அந்த இடத்தில் அவள் போனில் சார்ஜ் தீர்ந்து லைன் அறுந்துவிடும்.